கையுறை போட்டுக் குழைத்த சோறு

என் தம்பி இறந்தபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் நியூமோனியா என்றுதான் சொன்னோம். அதில் பாதி உண்மை. மீதியை இத்தனை வருடம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தேன். அவனுக்கு இருந்தது எயிட்ஸ். எழுதிவிட்டேன், பாருங்கள், கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கனடாவில், ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இரண்டு அறை அப்பார்ட்மெண்ட். ஒரு அறையில் நானும் இவரும் மூன்று வயது மகளும், மற்றதில் தம்பி. அவன் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவப் போய்ச் சமையல்காரனாக ஆகியிருந்தான். ஞாயிறு மட்டும்தான் எல்லோரும் ஒன்றாக வீட்டில் இருப்போம். அன்றைக்குக் குழையல். முதல்நாள் மீன்குழம்புச் சட்டிக்குள் சோற்றைக் கொட்டி, மிஞ்சிய கறியெல்லாம் போட்டுக் கையால் பிசைந்து, உருண்டை பிடித்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பேன். சோற்றுக் கோப்பை கிடையாது, கரண்டி கிடையாது. சட்டியைச் சுற்றி நிலத்தில் இருந்து கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். தம்பி தன்னுடையதை விழுங்கிவிட்டு இவருடைய முறைக்கும் கையை நீட்டுவான். "உனக்கென்ன வயிறோ கிணறோ?" என்று பேசிக்கொண்டே பெரிய உருண்டையாகப் பார்த்து வைப்பேன்.

ஒரு மாரிக்குளிரில் அவனுக்கு இருமல் பிடித்து விடவேயில்லை. இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தான். வந்த அன்று பின்னேரம், நான் சமைத்துக்கொண்டிருக்க, குசினி வாசலில் நின்று, உள்ளே வராமல் சொன்னான்.

"அக்கா, எனக்கு அந்த வருத்தமாம்."

"எந்த வருத்தம்?"

"ரீவியில சொல்லுறாங்களே, அது."

என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "பிள்ளையை இண்டைக்குத் தூக்கினனியே?"

"இல்லையக்கா. வந்த நேரம் தொட்டு நான் ஒருத்தரையும் தொடேல்லை. பயப்பிடாதேங்கோ."

எப்படி வந்தது என்று பிறகுதான் கேட்டேன். "அதைக் கேளாதேங்கோ" என்றான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அடுத்த நாளே எங்கள் குடும்ப டொக்டரிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு என்று பொய் சொல்லி, துண்டில் எழுதிக்கொண்டு போனதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். தேத்தண்ணிக் கோப்பையால் வருமா? துவாயால்? கக்கூஸ் இருக்கையால்? இருமினால்? நுளம்பு கடித்தால்?

"தங்கச்சி, இந்தக் குளிருக்குள்ள நுளம்பை எங்க கண்டனீங்கள்?" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, ஆறுதலாக விளங்கப்படுத்தினார். கோப்பையால், துவாயால், தொடுவதால் ஒன்றும் வராது. அவருடைய இரத்தம் உங்களுடைய காயத்தில் படாமல் பார்த்தால் போதும் என்றார். மனிதர் சொன்ன அவ்வளவு நல்ல விஷயத்தையும் விட்டுவிட்டு, காயம் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து பிளீச். அவன் குளித்துவிட்டு வந்தால் நான் உள்ளே போவேன். குழாய், கதவுப்பிடி, போன் எல்லாம் துடைப்பேன். அவன் கோப்பைக்கு அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். ஞாயிறு வந்தது. இவருக்கும் பிள்ளைக்கும் கையில் உருண்டை வைத்தேன். அவனுக்கு ஒரு கோப்பையில் போட்டு, கரண்டியும் குத்தி, தள்ளி வைத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கரண்டியால் குழையல் தின்ற மனிசனை நான் அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டாம் முறை அவன் கேட்கவுமில்லை.

"நீர் செய்யிறது சரியில்லையப்பா. அவன் உம்மட தம்பி" என்றார் இவர்.

"பிள்ளைக்கு ஏதும் வந்தால் நீங்களோ பதில் சொல்லுறது?" என்று பாய்ந்தேன். இவர் எழும்பிப்போய்த் தம்பியின் கட்டிலில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து ரீவி பார்த்தார். எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

பிளீச் சும்மா விடுமா? மாசி முடிய முன்னமே என் விரல்களெல்லாம் வெடித்துப்போயின. மூட்டுக்கு மூட்டு பிளவு, உப்புப் பட்டால் உயிர் போகும். ஐயோ, இப்போது எனக்கே காயம்! டொக்டர் சொன்ன அதே காயம்! பயத்தில் கழுவிக் கழுவி நானே உண்டாக்கிய காயத்துக்குப் பயந்து இன்னும் கழுவினேன். விசர்தான், வேறென்ன சொல்வது.

வெயில் தொடங்க அவனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆள் பாதியாகிவிட்டான். போய் இரண்டாம் நாளே போனில், "அக்கா, குழையல் தின்ன வேணும்போல கிடக்கு" என்றான். அந்த ஞாயிறு காலையிலேயே மீன்குழம்பு வைத்து, சட்டியோடு துணியில் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். அறைக்குள் நேர்ஸ் பிள்ளை வெறுங்கையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றது. சுவரில் கையுறைப் பெட்டி ஒன்று இருந்தது. நான் என் விரல்களைப் பார்த்தேன். இரண்டு கையுறை இழுத்து மாட்டிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன், உருண்டை பிடித்தேன், அவன் வாயில் வைத்தேன்.

மெதுவாக மென்றான். விழுங்கினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"காணும் அக்கா."

"ஏனடா? உறைப்போ?"

"இல்லை. றப்பர் மணக்குது."

கோபமில்லாமல்தான் சொன்னான். கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதும் சொல்லித் தப்பியிருப்பேன். மிஞ்சிய சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து, பஸ்ஸில் சனத்துக்கு முன்னால் ஓவென்று அழுதேன்.

அந்தக் கிழமை முழுக்க அவன் வீட்டில் இல்லாததால் பிளீச்சுக்கு வேலை இருக்கவில்லை. விரல்கள் தன்பாட்டில் ஆறிவிட்டன. அடுத்த ஞாயிறு மறுபடி சமைத்துக்கொண்டு போனேன். கையுறைப் பெட்டிப் பக்கம் திரும்பவேயில்லை. வெறுங்கையால் பிசைந்துகொண்டிருக்க நேர்ஸ் ஓடிவந்து, இனி அவனால் விழுங்க முடியாது, தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்றது. உருண்டை என் கையிலேயே நின்றது.

மீன்குழம்பு மணத்துக்கோ என்னவோ, தம்பி கண்ணைத் திறந்தான். முதலில் என் கையைப் பார்த்தான். கனநேரம் பார்த்தான். பிறகு, ஞாயிற்றுக்கிழமையில் சட்டிக்கு முன்னால் இருந்து நீட்டுவதுபோல், உள்ளங்கையை விரித்து நீட்டினான்.

வைத்தேன். என் விரல் அவன் கையில் பட்டது. அவனை நான் வெறுங்கையால் தொட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. அவன் விரல்களை மூடிக்கொண்டு, சோற்றைத் தின்னாமல் பிடித்தபடியே கிடந்தான். பார்வை நேரம் முடிகிற வரைக்கும் நானும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். புதன்கிழமை செத்துப்போனான்.