கோழிக்குப் போட்ட சாம்பிராணி

ஆழ்வார்குறிச்சியில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்க்கிறோம். ஐப்பசி அடைமழையில் கோழிகள் நடுங்கவே, நாற்புறமும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, கைக்குழந்தைக்குப் போடுவதுபோல் சாம்பிராணிப் புகையும் போட்டேன். கோழிகள் கண் வீங்கி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. முட்டைகள் ஓடில்லாமல் தோலோடு விழுந்தன. சீக்கு என்று பயந்து இன்னும் புகை போட்டேன். மறுநாள் பாதிக் கோழிகள் செத்துக் கிடந்தன.

“ஏட்டி, எல்லாம் போச்சு” என்று என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். செத்ததை எடுக்கத் தரையோடு குனிந்தேன். நின்றபோது தெரியாத எச்சத்தின் நெடி, புகையோடு சேர்ந்து எனக்கே மூச்சை அடைத்தது.

“ஏங்க, இதுக சீக்குல சாவல. நாந்தான் கொன்னுட்டேன்! பாயை அவுருங்க!”

மிஞ்சியவை இன்னும் மறுபடி முட்டையிடத் தொடங்கவில்லை. ஆனாலும் தினமும் கோழி உயரத்துக்குக் குத்தவைத்து மூச்சிழுத்துப் பார்க்கிறேன். என் கண் எரிந்தால், எந்த மழையானாலும் பாயைத் தூக்கிவிடுகிறேன்.