லாரிக்குப் பின்னால் எழுதிய நம்பர்

கந்தம்மாள் கடலைப் பார்த்ததில்லை. சென்னிமலையைக் கட்டிக்கொண்ட முப்பத்தெட்டு வருஷத்தில் நாலு தடவை கன்னியாகுமரிக்குத் துணிமணி எடுத்து வைத்து, நாலு தடவையும் திரும்ப பீரோவில் அடுக்கினாள். எல்லாம் அந்தப் போனால் வந்த வினை.

சென்னிமலை நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கூட வேலை செய்தவனின் மனைவி பிரசவத்தில் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன வருஷம், நாலு பேரைச் சேர்த்து ரத்ததானக் குழு ஆரம்பித்தார். அதோடு நின்றிருந்தால் தேவலை. பட்டறை பெயிண்டர் கைலாசத்திடம் சொல்லி, வெளியே போகும் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் ‘ரத்தம் வேண்டுமா?’ என்று போட்டுத் தன் நம்பரை எழுத வைத்தார். இருபத்திரண்டு வருஷம் கைலாசம் சளைக்காமல் எழுதினார். நம்பர் நாக்பூர் போயிற்று, கவுகாத்தி போயிற்று. ஒற்றை மகள் நர்மதா கழுத்தில் தாலி ஏறும்போது, மனிதர் மண்டபத்து வாசலில் நின்று யாருக்கோ பி பாசிட்டிவ் தேடிக்கொண்டிருந்தார்.

அறுபத்தேழு வயதில் உடம்பு கெஞ்ச ஆரம்பித்ததும், ராசிபுரத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் ஜெயப்பிரியாவைக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். பதவியெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை; நம்பரைக் கேட்டாள்.

"அதைக் குடுத்தாத்தானுங்கய்யா வேலை நடக்கும். ஆறு பேரு முறை போட்டு எடுத்துக்கறோம்."

சிம்மைக் கழற்றிக் கொடுத்தார். கொடையாளிகள் பட்டியல் முழுக்க அவர் மண்டைக்குள் இருந்தது. ஒரு மாதம் அவள் ஞாயிறுதோறும் வந்து எழுதிக்கொண்டாள். பரமத்தி வேலூர் வெற்றிலை மண்டி ரங்கனுக்கு ஓ நெகட்டிவ் என்பதையும் அவளிடம் சொன்னார். ரங்கனுக்கு ஊசி என்றால் நடுக்கம், பக்கத்தில் நின்று தான் கையைப் பிடித்தால்தான் படுப்பான் என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டதாகத் தனக்கே சொல்லிக்கொண்டார். பொய்.

புது நம்பர் மகளுக்கு மட்டும் தெரியும். நர்மதா மதுரையில் இருக்கிறாள். அங்கிருந்து மூவரும் கன்னியாகுமரி. போன் தொந்தரவில்லாமல் நாலு நாள் என்று கந்தம்மாளுக்கு வாக்குக் கொடுத்து மதுரை பஸ்ஸில் ஏறினார்.

பரமத்தி தாண்டியதும் முன்னால் ஒரு லாரி. பின்பக்கம் மஞ்சள் பெயிண்டில் கைலாசத்தின் குண்டு எழுத்து, அவருடைய நம்பர். கை பரபரத்தது. இந்தப் பிள்ளைகள் எடுக்கிறார்களா இல்லையா என்று தெரிந்தால் போதும். போட்டுவிட்டார்.

இரண்டாவது மணியில் ஜெயப்பிரியா எடுத்தாள். சென்னிமலை குரலை மாற்றிக்கொண்டு, "ஓ நெகட்டிவ் ஒரு யூனிட் வேணுமுங்க" என்றார்.

"நோயாளி பேரு சொல்லுங்க?"

இதை அவர் யோசித்து வைக்கவில்லை. "கந்தம்மாள்" என்று வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் கந்தம்மாள் திரும்பினாள்.

"அய்யா," என்றாள் ஜெயப்பிரியா, "அம்மா நல்லாத்தானுங்களே இருக்காங்க?"

பட்டென்று கட் செய்தார். கந்தம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னவென்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. திரையில் தன் பழைய நம்பரே தன்னைக் கூப்பிட்டது. எடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா, இந்த நம்பருக்குக் கூப்படக் கூடாதுன்னு தெரியும். கரூர்ல ஒரு பிரசவம், நெசமாவே ஓ நெகட்டிவ் வேணும். வேற யாரும் அமையலீங்க. ரங்கண்ணன் நீங்க வந்தாத்தான் வருவேங்கறாரு. ஏன்னு சொல்ல மாட்டேங்கறாரு."

அவருக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் பயமாக இருந்தது. பஸ் ரங்கனின் ஊரான பரமத்தி வேலூர் பஸ் நிலையத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

"கந்தா, எறங்கணும் போலிருக்குது. கரூர் வரைக்கும் ரங்கனோட போகோணும். அடுத்த வாரம் கட்டாயமாப் போலாம்."

மேலே இருந்த பையை எடுக்க எழுந்தார். கந்தம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"பை இருக்கட்டுமுங்க. நர்மதா மதுரைல காத்துக்கிட்டு இருப்பா. நான் போய்ட்டு வாரேன்."

"தனியாவா?"

"நீங்க எறங்குங்க. பாவம், அந்தப் புள்ளைக்கு ரத்தம் வேணும்."

கோபமே இல்லாத குரல். இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். அதற்குள் ஜெயப்பிரியாவிடம் புது நம்பரை வாங்கி ரங்கன் மூன்று தடவை போன் அடித்துவிட்டான். பஸ் நகர்ந்தபோது கந்தம்மாள் தலையை வெளியே நீட்டினாள்.

"கடல் எப்பிடி இருந்துச்சுன்னு ஊட்டுக்கு வந்து சொல்றேனுங்க. போன் போட்டுக் கேக்காதீங்க."