ஸ்டீரிங்கை விட்ட கைகள்

மாம்பால் பட்ட விரல்கள் எப்படி இருக்கும் என்று ஃபேக்டரியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். நகக்கண் கறுத்து, விரலிடுக்கு வெந்து, குழம்புச் சோற்றில் கை வைத்தால் காந்தும். சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஏழு சீசன் நின்றிருக்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். சர்க்கரை கண்ணில் இறங்கி, லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அதிலிருந்து மனிதர் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, ரோட்டில் போகிற லாரிகளின் சத்தத்தை வைத்தே எந்த கியர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். கார் லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தேன். எங்கள் ஊர் வழியாக ஒரு பள்ளிக்கூட பஸ் போகும். அந்தப் பள்ளியின் பஸ்களைப் பார்த்துக்கொள்பவர் ஒருநாள் என்னிடம், பெண் டிரைவர் வேண்டும் என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள் என்றார்.

"ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கினு வாம்மா. ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள வந்தா வேல உன்துதான். தெறந்துட்டா நா பஸ்ஸ நிறுத்திக்கினு இருக்க முடியாது."

வருஷம் முழுக்க வேலை, உடம்பில் காக்கிச் சட்டை, கையில் மாம்பால் கிடையாது. வேறென்ன வேண்டும் எனக்கு? அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொம்பளைக்கு ஹெவியா?" என்று சிரித்தார். தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

முதலில் எல்.எல்.ஆருக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை. கேள்விகள் தெலுங்கில் வரும், இல்லை இங்கிலீஷில். நான் எட்டாவது வரை தமிழில் படித்தவள். தெலுங்கில் பேசுவேன், பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டத்தான் வரும். ஃபேக்டரி பஸ்ஸில் போகவர போனைக் காதில் வைத்து, கேள்வி பதில் வீடியோக்களை ஒன்றுவிடாமல் கேட்டேன். மேட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஒரே தடவையில் பாஸ்.

பிறகு டிரைவிங் ஸ்கூல். ஒரு கிழட்டு லாரி, ஐந்து ஆண்கள், நான். அந்த ஐவரில் ஒருவன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன், என்னை அக்கா என்பான். கிளட்சில் கால் வைத்தால் வண்டி தவளை மாதிரி குதிக்கும். மாஸ்டர் திட்டித் தீர்த்துவிட்டு டீ குடிக்கப் போவார். "காலப் பாதி எட்துக்கோ, வண்டி நடுங்கும், அப்ப பிரேக்க உடு" என்று மேட்டில் வண்டி எடுக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஓட்டிப் பழகியது திருப்பதி ரோட்டில். சந்திரகிரியை நெருங்கும்போது ஒரு வளைவில் பெருமாள் மலை முழுசாகத் தெரியும். அங்கே ஓட்டுகிறவர் யாரானாலும் இரண்டு கையையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி பிடிப்பார். ஒரு மூச்சு நேரம்தான். என் நைனா டிராக்டரில் அப்படித்தான், வீட்டுக்காரர் பத்து டன் லோடோடு அப்படித்தான், மாஸ்டரும் அப்படித்தான். கும்பிடாமல் போகிறவனைத்தான் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

பள்ளி திறக்க எட்டு நாள் இருக்கும்போது, திருப்பதிக்கு வெளியே ஒரு மைதானத்தில் டெஸ்ட். டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் நெற்றியில் நாமம் பளிச்சென்று இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன், புத்தி கெட்டவள். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். அவர் கேபினில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிவர்ஸில் ஒரு கம்பும் சாயவில்லை. மேட்டில் நிறுத்தி எடுத்தேன், வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. அவர் பேப்பரில் டிக் போடுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கோட்டில் நிறுத்தினால் முடிந்தது.

சுற்றில் கடைசித் திருப்பம். வண்டியைத் திருப்பினேன். கண்ணாடி நிறைய மலை.

கைகள் தானாகப் போய்விட்டன. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைக்கக்கூட இல்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபோது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஆபம்மா. பண்டி ஆபு."

நிறுத்தினேன். அவர் கோபப்படவில்லை. தெலுங்கிலேயே பொறுமையாகச் சொன்னார். தானும் தினமும் கும்பிடுகிறவர்தானாம், ஆனால் வண்டியை விட்டு இறங்கித்தான் கும்பிடுவாராம். பின்னால் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அந்த ஒரு மூச்சு நேரம் வண்டியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். பேப்பரில் ஃபெயில் என்று எழுதினார். அவர் சொன்னது நியாயம். அநியாயமாக இருந்திருந்தால் அங்கேயே நின்று சண்டையாவது போட்டிருப்பேன்.

அடுத்து ஏறியவன் என்னை அக்கா என்றவன். எல்லாவற்றையும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பத்தில் ஸ்டீரிங்கை உடும்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தான். பாஸ். இறங்கி நேராக என்னிடம் வந்து, "உன்னப் பாத்துதாங்கா நா உஷாராயிக்கினேன்" என்றான். நன்றி சொல்கிறானாம்.

எனக்குக் கிடைத்த அடுத்த தேதி, பள்ளி திறந்து நான்கு நாள் கழித்து. பஸ்காரரிடம் போய்க் கெஞ்சினேன். "நா இன்னாம்மா பண்றது, பிள்ளைங்க ரோட்ல நிக்கும்" என்றார். அவன்தான் அந்த பஸ்ஸில் ஏறினான். காக்கிச் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்தான்.

அதையும் பொறுத்திருப்பேன். என் வீட்டுக்காரர் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. "எம் பொண்டாட்டி பெருமாளுக்காக வேலையவே உட்டவ" என்று டீக்கடையில் சொன்னாராம். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என் கையைப் பிடித்து, "உன் பக்தி யாருக்கு வரும்?" என்றாள். வீட்டுக்கு வந்து அவரை ஒரு பிடி பிடித்தேன்.

"யோவ், நா எங்கயா உட்டேன்? கை பழக்கம். உன்னப் பாத்து வந்த பழக்கம். அத்தப் போய் பக்தின்னு சொல்லிக்கினு திரியாத."

"சாமி விசயத்துல அப்டிப் பேசாதமே" என்றார் அவர்.

இரண்டாவது டெஸ்டில் பாஸ் ஆனேன். அதே மலை அதே திருப்பத்தில் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தேன். லைசென்ஸ் கையில் வந்து, கிடைத்த வேலை என்ன தெரியுமா? அதே கூழ் ஃபேக்டரியின் பஸ். சீசனுக்கு மூன்று மாதம். என்னோடு நின்ற பெண்களையே ஏற்றிக்கொண்டு போய், கொண்டுவந்து விட வேண்டும். சீசன் முடிந்தால் நானும் வாசலில் உட்கார்ந்து கியர் சொல்லலாம்.

போன சீசன் முடிந்ததும் ஃபேக்டரிப் பெண்கள் திருப்பதி போக வேண்டும் என்றார்கள். முதலாளி பஸ்ஸைக் கொடுத்தார். அந்த வளைவு வந்தது. பின்னால் மொத்த பஸ்ஸும் கை கூப்பியது.

"இன்னாக்கா, நீ கும்புடல?" என்றாள் முன் சீட்டுக்காரி.

"கை வேலையா இருக்குதுடி" என்றேன்.

அந்த நேரம் வலப்பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு மஞ்சள் பஸ் என்னை முந்தியது. டூர் போகிற பிள்ளைகள், ஜன்னலெல்லாம் முகங்கள். ஓட்டுகிறவனைப் பார்த்தேன். அவன்தான், காக்கிச் சட்டையில். மலையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, நிதானமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனைப் பார்த்துப் பிள்ளைகளும் மலையைக் கும்பிட்டன. பஸ் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் பிரேக்கில் காலை வைத்து, அவனுக்கு வழி விட்டேன்.