வலை இழுத்த பாட்டு

எங்கள் பாட்டை முதன்முதலில் தோற்கடித்தவர் என் மாமாதான். சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் இருபது பேருக்கு அவர் தலைவர். நானோ கிற்றார்காரன். ஒலிப்பதிவுக்கு மருதமுனையில் ஒரு சின்ன அறையும், பாண்டிருப்பிலிருந்து வந்து ட்ரம்ஸ் அடிக்கும் கூட்டாளி ஒருவனும், போதாததற்கு நிறையத் தலைக்கனமும் என்னிடம் இருந்தன.

வலை இழுக்கும்போது அவர்கள் பாடும் அம்பாப் பாட்டுக்குக் கிற்றாரும் ட்ரம்ஸும் சேர்த்து ரொக் பாட்டாக்குவது எங்கள் திட்டம். மாமாவின் ஆட்களை அறைக்குக் கூட்டி வந்தோம். கையில் கயிறு இல்லாமல் ஒருவருக்கும் பாட்டு வரவில்லை. கடைசியில் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து, ஒரு முனையை நானும் கூட்டாளியும் பிடித்துக்கொண்டோம். மறுமுனையில் அவர்கள் பிளந்து கட்டினார்கள். நாங்கள் இருவரும் தரையோடு இழுபட்டோம்.

பதிவு அருமையாக வந்தது. ஒரேயொரு குறை, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பாட்டு நின்று நின்று போனது. மூச்சு வாங்கும் சத்தம், கால் மாற்றி வைக்கும் சத்தம். நான் கணினியில் உட்கார்ந்து அத்தனையையும் வெட்டித் தள்ளினேன். பாட்டு பறந்தது. எனக்கு என்னையே பிடித்துப் போனது.

மாமா கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"மருமகன், இந்தப் பாட்டுக்கு வலை வருமா?"

"இது கேக்கிறதுக்கு மாமா, இழுக்கிறதுக்கு இல்ல."

"எங்கட குரல் கிடக்கிற பாட்டெண்டா வலை வரணும். வரல்லெண்டா எங்கட குரல எடுத்துப் போட்டுட்டு நீங்க என்னவும் செய்ங்க."

அவர்கள் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என் கிற்றார் மட்டும்தான். அதைக் கேட்க என் உம்மாகூட வரமாட்டா.

மறுநாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஸ்பீக்கரைக் கடற்கரை மணலில் வைத்துப் பாட்டைப் போட்டேன். பத்து இழுவைக்குள் கால்கள் பின்னின. ஒருவர் விழுந்தார், கயிறு நழுவிக் கடலுக்குத் திரும்பியது.

"நிப்பாட்டுடா!" என்று மாமா கத்தினார். "மூச்செடுக்க விடாம ஆருடா பாட்டுக் கட்டினது?"

இருபது பேருக்கு முன்னால் தலை குனிந்து நின்றேன். வெட்கம் ஒரு பக்கம், மாமா மேல் நியாயமே இல்லாத கோபம் மறுபக்கம். கூட்டாளிதான் மெதுவாகச் சொன்னான்: "நீ வெட்டின இடத்திலதான் மச்சான் அவங்க காலூண்டுறாங்க."

அன்று பகல் முழுக்க, வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினேன். அந்த இடங்களில் ட்ரம்ஸும் வாய் மூடியது, என் கிற்றாரும் மூடியது. எனக்கு அது லேசான வேலை இல்லை.

"இன்னும் ஒருதரம், மாமா."

"ஓம், ஒருதரந்தான்."

அடுத்த நாள் காலை பாட்டு தொடங்கியது. இழு, நில், இழு. வலையின் இரண்டு கயிறுகளிலும் இருபது முதுகுகள் ஒன்றாகச் சாய்ந்தன. ஒரு கால்கூடப் பிசகவில்லை. நான் சந்தோஷப்பட வாய் திறந்த நேரம் பாட்டு முடிந்துவிட்டது. நாலு நிமிடப் பாட்டு! வலை இன்னும் எங்கேயோ கிடந்தது. இழுக்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

கயிற்றை ஒருவரும் விடவில்லை. பிறகு மாமா முதல் வரியைத் தானே எடுத்தார். இருபது பேரும் சேர்ந்துகொண்டார்கள். கிற்றார் வரும் இடம் வந்தது. ஒருவரும் நிறுத்தவில்லை. "டங்... டடங்... டங்" என்று என் கிற்றாரை வாயாலேயே வாசித்து இழுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஓடிப்போய் நானும் கயிற்றைப் பிடித்தேன்.

வலை வந்தது. சூடை மீனும் கீரி மீனும் மணலில் துள்ளின. மாமா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கட குரல் பாட்டிலயே கிடக்கட்டும் மருமகன். ஒன்ட கிற்றார்தான் ஒரு இடத்தில பிந்துது. நாங்க திருத்திட்டம், கவனிச்சியா?"

நான் வீட்டுக்குப் போய் அதை மறுபடி வாசித்துப் பதிந்தேன். இன்று கல்முனையில் ஓட்டோக்காரர்கள் சத்தம் கூட்டிப் போட்டுக்கொண்டு ஓடுவது மாமா திருத்திய அந்தக் கிற்றாரைத்தான்.