இன்ஸ்பெக்‌ஷன் அன்று நான் சொன்ன பதில்

பள்ளியில் அம்மாவை அம்மா என்று கூப்பிடக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம். ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்து நிற்கும் பள்ளிப் பேருந்தில் ஏறும்வரை அவர் அம்மா. ஏறியபின் மிஸ். மாலையில் இறங்கினால் மறுபடி அம்மா. ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை, இன்ஸ்பெக்‌ஷன் வரும்வரை.

அம்மா உண்மையில் டீச்சர் இல்லை. கழுத்தில் தொங்கிய அட்டையில் லேப் அசிஸ்டன்ட் என்றுதான் போட்டிருந்தது. பாளையங்கோட்டையில் எம்.சி.ஏ. முடித்து, கல்யாணமாகி, அப்பாவின் விசாவில் இங்கே வந்தவர். முதலில் தொழில்பேட்டையில் ஒரு டயர் குடோனில் பில் போடும் வேலை பார்த்தார். அங்கே லோடு இறக்கும் பட்டாணியர் ஒருவருக்குத் தன் பெயரை டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்தாராம். அந்த மனிதர் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுப் போவாராம். டயர் குடோனைப் பற்றி அம்மா சொல்லும் ஒரே கதை அதுதான். பிறகு எங்கள் பள்ளியில் லேப் அசிஸ்டன்ட் ஆனார். கம்ப்யூட்டர் டீச்சர் கனடாவுக்குக் கிளம்பிவிட, அடுத்த ஆள் கிடைக்கும்வரை வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு வருடமாகியும் ஆள் கிடைக்கவில்லை. பள்ளி அப்படியொன்றும் மும்முரமாகத் தேடியதாகத் தெரியவில்லை. அம்மாவும் அதை ஞாபகப்படுத்தவில்லை. அவ்வளவு பிடித்திருந்தது அவருக்கு அந்த வேலை.

அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எங்கள் மவுஸைத் தொடவே மாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். திரையில் ஓர் ஆமை இருக்கும். இவ்வளவு தூரம் நட, இவ்வளவு பாகை திரும்பு என்று நாங்கள் கட்டளை எழுதினால் அது நடந்து கோடு போடும். கோடு தப்பாகப் போனால், "நீயே ஆமையா நடந்து பாரு" என்பார். நாங்கள் தரையில் அதன்படியே நடந்து, தப்பு எந்த முனையில் என்று கண்டுபிடிப்போம். லேபில் ஆளாளுக்கு முட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்து மற்ற டீச்சர்கள் சிரிப்பார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அதிகாரிகள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பி.எட். இல்லாதவர் பாடம் எடுப்பது தெரிந்தால் பள்ளிக்குச் சிக்கல், அம்மாவுக்கு வேலையே போய்விடும். அதனால் அன்று மட்டும் கணக்கு சார் எடுப்பதாக ஏற்பாடு. அம்மா காலையில் தலை பின்னிவிட்டபடியே சொன்னார்: "ஏட்டி, இன்னிக்கு நான் மிஸ்ஸும் இல்ல, அம்மாவும் இல்ல. யாரு கேட்டாலும் சார்தான் பாடம் எடுக்காருன்னு சொல்லணும், என்ன?" சத்தியமும் வாங்கிக்கொண்டார். அப்படியானால் என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டேன். கூப்பிடவே வேண்டாம் என்றார்.

வகுப்பில் அம்மா கடைசியில் பிரிண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அம்மாள் ஜன்னலோரம் இருந்தார். கணக்கு சார் நல்ல மனிதர். ஆனால் ஆமையோடு பழக்கமில்லை. முக்கோணம் வரையலாம் என்றார். முக்கோணத்தின் மூலைக்கு அறுபது பாகை என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும், அதனால் ஆமையை அறுபது திரும்பச் சொல்லிவிட்டார். இருபத்தாறு திரையிலும் மூடாத கிண்ணம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. சார் பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வகுப்பில் இருபத்தைந்து தலைகள் ஒன்றாகப் பின்னால் பிரிண்டர் பக்கம் திரும்பின.

திரும்பாதவள் நான் ஒருத்திதான். சத்தியம் செய்திருந்தேனே. அதனாலேயே இன்ஸ்பெக்டர் அம்மாள் நேரே என்னிடம் வந்தார். இதை எப்படிச் சரிசெய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுந்து தரையில் நடந்தேன். முதல் பக்கம் முடிந்து திரும்பும்போதே புரிந்துவிட்டது, சதுரத்துக்குத் திரும்புவதைவிட அதிகம் திரும்ப வேண்டும். நூற்றிருபது என்று எழுதினேன். ஆமை மூன்று பக்கமும் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி நடந்து பார்க்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

நான் நிமிர்ந்தேன். அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியத்தைக் காப்பாற்றுகிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். கணக்கு சாரைக் கைகாட்டி, "சார்" என்றேன். இன்ஸ்பெக்டர் அம்மாள் சாரிடம் போய்க் கைகொடுத்தார். சார் தரையைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டார்.

மாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் பரிசு கேட்டேன். கீழே இருந்த கடையில் அம்மா ஆளுக்கொரு ஷவர்மா வாங்கினார். வீட்டுக்கு வந்து தின்றுகொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்:

"அந்த மேடம் கேட்டப்போ என்னையச் சொல்லணும்னு தோணவே இல்லையாட்டி?"

"நீதானம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்ன?"

"ஆமா, நாந்தான் சொன்னேன்."

அந்த வருடமே அம்மா தபால் வழியில் பி.எட். சேர்ந்தார். தூரத்தில் ருவைஸ் எண்ணெய் ரிஃபைனரியில் தங்கி வேலை பார்த்து, லீவுக்கு மட்டும் வரும் அப்பா, "ஆளுக்கொரு புஸ்தகத்த வச்சிருந்தா சோறு யாரு பொங்க?" என்று கேட்டுவிட்டு அவரே பொங்கினார். அம்மா பட்டம் வாங்கி, அட்டை மாறி, அதே லேபில் பல வருடம் பாடம் எடுத்தார். இப்போது நானும் அஜ்மானில் கம்ப்யூட்டர் டீச்சர். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் தெரிந்த பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு கையைப் பின்னால் கட்டி நிற்கும்போதெல்லாம், அன்று அம்மா நின்ற நிலை நினைவுக்கு வருகிறது. வேலை போனாலும் போகட்டும் என்று அந்த ஒரு நொடி அவர் எழுந்து நின்றிருக்கிறார்.

அன்றைக்கு அம்மா தன் ஷவர்மாவில் பாதியைத் தின்னாமல் தட்டில் வைத்துவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்குக் கூடுதல் பரிசு என்று எடுத்துக்கொண்டு, அதையும் நானே தின்றேன்.