இல்லாத மூன்று கிலோ

லாரிக்காரர்கள் அவரைக் கிலோ அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். எடைமேடையின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவர். சரக்கோடு வரும் வண்டியை ஒரு தடவை நிறுக்க வேண்டும், இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இந்தச் சின்னக் கழித்தலுக்குள் மனிதர்கள் எத்தனை விதமாகப் புகுந்து விளையாடுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. டிரம் நிறையத் தண்ணீரோடு வந்து, போகும்போது திறந்துவிடுவார்கள். பழைய இரும்பு ஏற்றி வந்த ஒருவன் தன் மச்சானைச் சீட்டுக்குப் பின்னால் படுக்கவைத்து எடை போட்டான். வெறும் வண்டி திரும்பியபோது மச்சான் டீக்கடையில் இருந்தான்.

"டேய், மச்சானையும் இரும்போட சேத்து வித்துட்டியா? என் தம்பி எங்கன்னு உன் சம்சாரம் கேட்டா என்ன சொல்லுவ?"

"அவனை வாங்க ஒரு ஆள் கிடைச்சானேன்னு அவளும் சந்தோஷப்படுவாண்ணே."

அவரும் சிரித்தார். ஆனால் மச்சானை வரவழைத்து, வண்டியில் ஏற்றி, மறுபடி நிறுத்த பிறகுதான் சீட்டுக் கொடுத்தார். சீட்டில் அச்சான எண்ணுக்கு மேல் அவரிடம் பேச்சில்லை. ஆளின் முகத்தைப் பார்த்து எண்ணை மாற்றியதும் இல்லை, எண்ணைப் பார்த்த பிறகு ஆளின் முகத்தைப் பார்த்ததும் இல்லை. இதை நேர்மை என்று சொல்லலாம். வேறு மாதிரியும் சொல்லலாம்.

ஐம்பத்தைந்தாவது வயதில் முதலில் உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. பிறகு கண்கள் மஞ்சளாயின. பெரிய மருத்துவமனையில் எண்டோஸ்கோபி பார்க்கும் டாக்டரம்மா ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கணையத்தில் புற்றுநோய்க் கட்டி. அது பித்தக்குழாயை நெரித்துக்கொண்டிருந்தது.

"வாய் வழியா டியூபை விட்டு, நெரிஞ்ச இடத்துல சின்னதா ஒரு கம்பிவலைக் குழல் வைப்போம். ஸ்டென்ட்டுன்னு பேரு. அதனால கட்டி போகாது. பித்தம் இறங்க வழி கிடைக்கும், அவ்வளவுதான்."

ஸ்டென்ட் வைத்த பத்து நாளில் அரிப்பு நின்றது. கண் வெளுத்தது. அவர் மனைவி தையல்கடையில் வேலை செய்கிறவள். அன்று மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து, சன்னல் வெளிச்சத்தில் அவர் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு வெள்ளையா இல்லைங்க" என்றாள்.

டாக்டரம்மா மட்டும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. "நாலு வாரம் போகட்டும். கட்டிக்கான மருந்தை ஏத்தலாம். அதனால சில மாசம் கூடக் கிடைக்கலாம். ஆனா உடம்பு தாங்கணும். இப்ப ஐம்பத்தாறு கிலோ இருக்கீங்க, இதுக்குக் கீழ போகாமப் பாத்துக்குங்க. வெள்ளிக்கிழமை தோறும் வந்து எடை பாருங்க."

அத்தனை பேச்சிலிருந்து அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது ஒரே ஒரு எண்.

இரண்டு நாள் கழித்து வாந்தி தொடங்கியது. மத்தியானம் சாப்பிட்டது மறுநாள் காலையில் அப்படியே வெளியே வந்தது. பிறகு சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வந்தது. பிறகு தண்ணீரும் தங்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறையும் சத்தத்துக்குள் சத்தமில்லாமல் வாந்தி எடுக்கக் கற்றுக்கொண்டார். சொன்னால் எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொண்டால், இவர் தேறமாட்டார் என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். அவர் உட்கார்ந்திருந்த உலகத்தில் கணக்கு அப்படித்தான் ஓடியது.

எடைமேடைக்கு அடுத்தது டயர் கடை. அங்கே மூலையில் கிடந்த பழைய வீல் நட்டுகளில் நாலைப் பொறுக்கினார். ஒவ்வொன்றும் கால் கிலோ. கிழிந்த துண்டை நாடாவாக மடித்து, மனைவி கடைக்குப் போன நேரத்தில், நட்டுகளை அதில் வைத்துத் தைத்தார். சட்டைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டால் தெரியவில்லை. முதல் வெள்ளிக்கிழமை நாலு நட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு. ஊரார் திருட்டையெல்லாம் பிடித்தவருக்கு ஒரு திருட்டைச் செய்வது இவ்வளவு சுலபமா என்று முதல் தடவை ஆச்சரியமாக இருந்தது. இரண்டாம் தடவை அதுவும் இல்லை.

"உங்க பேன்ட்டை ரெண்டு தடவை உள்ள பிடிச்சுத் தைச்சுட்டேன். எடை மட்டும் எப்படிங்க அசையாம நிக்குது?" என்று மனைவி கேட்டாள்.

"எலும்பு கனம்."

"உங்களுக்கா? காத்தடிச்சா சட்டை நிக்கும், நீங்க போயிடுவீங்க."

மூன்றாவது வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நட்டு. தராசில் ஏறினார். ஐம்பத்தாறைத் தாண்டி ஒரு புள்ளி காட்டியது. "பரவாயில்லையே ஐயா, அப்படியே வச்சிருக்கீங்க" என்றாள் நர்ஸ். மருந்து ஏற்ற இன்னும் ஒரு வாரம்தான். தாண்டிவிடலாம் என்று நினைத்துக் கீழே கால் வைத்தார். முழங்கால் மடங்கியது. விழப்போனவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்த நர்ஸ் கையை உதறினாள்.

"அம்மாடி! என்ன ஐயா இது, இடுப்புல ஒரு லாரியையே கட்டியிருக்கீங்க?"

கட்டிலில் படுக்கவைத்துச் சட்டையைத் தூக்கினார்கள். வெளியே பெஞ்சில் இருந்த மனைவி சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். நாடாவைக் கையில் வாங்கினாள். வெகுநேரம் தையலையே தடவிக்கொண்டிருந்தாள்.

"யார் தைச்சது?"

"நான்தான்."

"இப்படியா தைப்பாங்க? ஒரு இழுப்புத் தாங்குமா இது?" என்றவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்டயுமாங்க? நானும் லாரிக்காரியாங்க உங்களுக்கு?"

டாக்டரம்மா வந்தார். நட்டுகளைப் பார்த்தார். "வாந்தி எத்தனை நாளா இருக்கு?"

"பத்தொம்பது நாளா."

"கட்டி சிறுகுடலோட ஆரம்பத்தையும் அடைச்சிருக்கும் ஐயா. அந்த இடத்துக்கும் ஸ்டென்ட் இருக்கு. முதல் வாரமே சொல்லியிருந்தா அப்பவே வச்சிருப்பேன். உங்க நோயில என்னால சரிபண்ண முடிஞ்சது ரொம்பக் கம்மி. அதைத்தான் நீங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க." மனைவி கையிலிருந்த நாடாவை வாங்கித் தராசில் வைத்தார். "மருந்து எவ்வளவுன்னு எடையை வச்சும்தான் கணக்குப் போடுறோம். இல்லாத மூணு கிலோவுக்கும் சேத்து ஏத்தியிருப்போம்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மாவும் தன்னைப் போலச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எண் கேட்கிறவர் என்று நினைத்திருந்தார். அந்த அம்மாள் கேட்டது எண்ணை அல்ல, எப்படி இருக்கிறீர்கள் என்று. அதற்குத்தான் அவர் இரும்பால் பதில் சொல்லியிருந்தார்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை எடுத்தார்கள். இரண்டு லிட்டருக்கு மேல் வந்தது. மறுநாள் இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள். அது முழுசாக விரிய ஒன்றிரண்டு நாளாகும் என்றார்கள். முதலில் தண்ணீர், பிறகு சூப், அதுவும் கரண்டி கரண்டியாக.

மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி சூப் வாங்கக் கீழே கேன்டீனுக்குப் போயிருந்தாள். டாக்டரம்மா கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே கிலோ அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"இந்த உடம்பு மருந்தைத் தாங்காது ஐயா. கட்டிக்கு முன்னாடி மருந்தே உங்களை முடிச்சிடும்."

"எடை ஏறினா?"

"ஏறட்டும். சாப்பிடுங்க, தெம்பு வரும், வீட்டுக்குப் போகலாம். ஆனா மருந்துக்காகக் காத்திருக்காதீங்க."

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஏத்தியிருப்பீங்களா?"

"ஏத்தியிருக்கலாம். நிச்சயமாத் தெரியலை. வீட்டம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. நானே சொல்லிக்கிறேன்."

மனைவி டம்ளரோடு வந்தாள். முதல் கரண்டி உள்ளே போனது. இருவரும் காத்திருந்தார்கள். இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது. இருபது நாளுக்குப் பிறகு உள்ளே போன ஒன்று உள்ளேயே இருந்தது. அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"தங்குதுங்க! இப்படியே ஒரு வாரம் சாப்பிட்டா எடை தன்னால ஏறிடும். மருந்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு ஏத்திடுவாங்க, இல்ல?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. ஒரே சொல். அவள் இன்றிரவாவது நிம்மதியாகத் தூங்குவாள். அடுத்த வாரம் ஒரு பொய், அதற்கடுத்த வாரம் இன்னொரு பொய். தைத்துக்கொண்டே போகலாம்.

"ஏத்த மாட்டாங்க" என்றார். "இப்ப நீ கீழ போனப்போ வந்து சொன்னாங்க. எப்பவுமே ஏத்த மாட்டாங்க."

நாலாவது கரண்டி அந்தரத்தில் நின்றது. சூப் ஒரு சொட்டு அவர் நெஞ்சில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை. "ஆறிடும். வாயைத் திறங்க" என்றாள்.