கடலில் நான் நகர்த்திய நாலு மீட்டர் அறுபது

2010 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி. சிதம்பரத்தில் விடுதியில் தங்கிக் கடல் படிப்பு படிக்கும் என் மகள் மலர் போன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம அளந்ததுல, போகும்போது ஒரு எடத்துல இருக்குற கடலடி மண்மேடு, வரும்போது வேற எடத்துல இருக்கு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள சரி பண்ணலன்னா மறுபடி கடலுக்குப் போய் அளக்கணுமாம்."

மறுபடி போக வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களைத் தன் படகில் கூட்டிப்போன என் மனைவியின் தம்பி தேவநாதன் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். இன்று தவறினால் அவளுக்கு ஆறு மாதம் போய்விடும்.

அரை நாளில் மண்மேடு நகராது என்று பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிய எனக்கே தெரியும். நகர்ந்தது வேறு. ஆழம் அளக்கும் கருவியைப் படகின் முன்பக்கம் ஒரு கம்பில் கட்டி, படகு இருக்குமிடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் கருவியை அதே கம்பின் உச்சியில் மாட்டியிருந்தாள். நனைகிறதே என்று, அவள் பார்க்காதபோது அதைக் கழற்றித் துண்டில் சுற்றி, பின்னால் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்துக்கொண்டேன். கரை வந்ததும் நல்ல பிள்ளையாக மாட்டிவிட்டேன்.

திருவந்திபுரத்திலிருந்து முதுநகர் துறைமுகம் பத்து கிலோமீட்டர், என் மொபெட்டில் அரைமணி. அளக்கும் டேப்போடு படகில் ஏறினேன்.

"என்னா மாமா, படக விக்கப் போறீங்களா?" என்றார் தேவநாதன்.

விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா அன்னிக்கே சொல்லுச்சு, உங்கள ஏத்தாதன்னு."

கம்பிலிருந்து நான் உட்கார்ந்த பலகை வரை நாலு மீட்டர் அறுபது சென்டிமீட்டர்.

10.20க்குப் பஸ். நாற்பது கிலோமீட்டர், பதினான்கு ரூபாய். சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டுவதற்குள் லாரிகளுக்கு நடுவே இருபது நிமிடம் நின்றது. நான் எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தேன்.

"நீங்க நின்னா பஸ் வேகமா போவாது, உக்காருங்க," என்றார் கண்டக்டர்.

12.15க்குச் சிதம்பரம். அளவை எழுதிய துண்டுச் சீட்டை மலரிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"போன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ திட்டுனா நான் போன வெச்சிருப்பேன்."

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். படகு போன திசைக்கேற்ப, ஆழம் அளந்த ஒவ்வொரு புள்ளியையும் நாலு அறுபது முன்னால் தள்ளினாள். படகு போய்வந்த கோடுகளில் முதலில் அளந்தவை ஒன்றோடொன்று ஒட்டின. ஆனால் அளந்த வரிசையில் போகப் போக விலகல் கூடி, கடைசிக் கோடுகள் தள்ளியே நின்றன. மணி இரண்டு. நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு மாமா ரெண்டு தடவ படக நிறுத்துனாரேன்னு கோச்சுக்கிட்டியே, அதால இருக்குமோ?" என்று உளறினேன்.

ஆறு கடலில் சேரும் இடத்தில், கரையிலுள்ள அம்மன் கோயிலுக்கு நேரே படகை நிறுத்திக் கற்பூரம் காட்டாமல் தேவநாதன் கடலுக்குள் போகமாட்டார். திரும்பும்போதும் அங்கே நிறுத்தி ஒரு கை தண்ணீர் அள்ளி விடுவார். மலர் அந்த இரண்டு நிறுத்தங்களையும் திரையில் தேடினாள். காலையில் படகு நின்றதை இரண்டு கருவிகளும் தத்தம் கடிகாரத்தில் ஒரே நொடியாகப் பதிந்திருந்தன. திரும்பும்போது ஆழக் கருவியின் கடிகாரம் பதினான்கு நொடி பின்தங்கியிருந்தது. நாலரை மணி நேரத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்த அந்தப் பதினான்கையும் அதே போலச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தாள். மண்மேடு ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

3.40க்கு அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் நகலில் ஒரு வரி காட்டினாள்: 'கருவியை நகர்த்தியவர்: என் அப்பா.'

இப்படி அளக்கப் போகிறவர்களுக்கு: கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஒரே இடத்தில் படகை நிறுத்தி இரண்டு கடிகாரத்தையும் ஒத்துப் பாருங்கள். டேப் எடுத்துப் போங்கள். நல்ல கயிறும் வேண்டும். கருவியைக் கட்ட என்று நான் சொன்னேன். அப்பாவைக் கட்ட என்று எழுதச் சொல்கிறாள் மலர்.